எல்எஸ்ஐ 9211-8ஐ: லினக்ஸில் எட்டு டிஸ்க் மாட்ட இன்றும் இது போதுமா?

வீட்டிலோ சின்ன அலுவலகத்திலோ என்ஏஎஸ் (நெட்வொர்க்கில் பலரும் பகிரும் டிஸ்க் பெட்டி) கட்டுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் மதர்போர்டில் இருக்கும் சாட்டா போர்ட்டு தீர்ந்துபோகும். இருப்பதே நாலு, மிஞ்சினால் ஆறு. எம்.2 ஸ்லாட்டில் எதையாவது சொருகினால் பல போர்டுகளில் அதிலும் ஒன்றிரண்டு அணைந்துவிடும். அப்புறம் தேட ஆரம்பிக்கிறவர்கள் சுற்றிச் சுற்றி வந்து நிற்கிற இடம் எல்எஸ்ஐ 9211-8ஐ என்ற டிஸ்க் கன்ட்ரோலர் கார்டு. சாஸ்2008 சிப், பிசிஐஇ 2.0 எக்ஸ்8, ரெண்டு எஸ்எஃப்எஃப்-8087 கனெக்டர், எட்டு போர்ட்டு, போர்ட்டுக்கு 6 ஜிகாபிட். புதுசாகக் கடையில் கிடைக்காது. சர்வரில் இருந்து கழற்றியதுதான் வரும். எல்எஸ்ஐ என்ற கம்பெனியே இன்று இல்லை. 2014-இல் அவாகோ அதை வாங்கியது, 2016-இல் அவாகோ பிராட்காமை வாங்கி அந்தப் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது. அதனால் ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) தேடப் போக வேண்டியது பிராட்காம் தளத்துக்கு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சாட்டா ஹார்டு டிஸ்க்குகளை டெபியன், உபுண்டு, ப்ராக்ஸ்மாக்ஸ் மாதிரி ஒன்றில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் இன்றும் வாங்கலாம். எஸ்எஸ்டி மட்டும்தான் மாட்டப் போகிறேன் என்றால் வேண்டாம். ரெட் ஹாட் 8 அல்லது அதற்குப் பிந்தையதுதான் ஓட்டணும் என்றால் கீழே அதைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். இந்தக் கார்டைப் பற்றி 'டிரைவர் சரியில்லை' என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கும் டிரைவருக்கும் சம்பந்தமே கிடையாது. கேபிள், சூடு, பழைய ஃபர்ம்வேர், டிஸ்க்கின் டைம்அவுட் என்று இந்த நாலில் ஒன்றாகத்தான் இருக்கும். எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்குத்தான் இந்த மதிப்புரையில் பாதி இடம்.

ஒரு சின்னக் குறிப்பு: கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் ஒலிக்கிறபடி தமிழில் தந்திருக்கிறது. தட்டும்போது, பெரிய எழுத்து என்று குறித்த இடம் தவிர, எல்லாம் சின்ன எழுத்துதான். இங்கே இடைவெளி விட்டிருக்கும் இடத்தில் மட்டும் இடைவெளி விடுங்கள்.

வாங்கும்போது

9211-8ஐ என்ற பெயரில்தான் வாங்கணும் என்றில்லை. ஐபிஎம் எம்1015, டெல் எச்200, டெல் எச்310 எல்லாவற்றிலும் உட்கார்ந்திருப்பது இதே சாஸ்2008 சிப்தான். ஆனால் அவற்றில் ஏற்றியிருக்கும் ஃபர்ம்வேர் வேறு. எம்1015-உம் எச்310-உம் மெகாரெய்டு ஃபர்ம்வேரோடு வரும். அதை அழித்து ஐடி மோடுக்கு (அது என்ன என்று அடுத்த பத்தியில்) கொண்டுவருவதற்கு முன்னால் மெகாரெக் என்ற டாஸ் கருவியால் கார்டின் அடையாள விவரங்களை வைத்திருக்கும் எஸ்பிஆர் பகுதியைக் காலியாக்க வேண்டும். முடியாத வேலை இல்லை, ஒரு படி கூடுதல். அந்தப் படி வேண்டாம் என்கிறவர்கள் ஏற்கெனவே ஐடி மோடு ஏற்றி விற்பதை வாங்கலாம். எச்310-இல் இன்னொரு தொல்லை உண்டு: சில சாதாரண டெஸ்க்டாப் போர்டுகளில் கார்டைச் சொருகினால் மெஷின் பூட்டே ஆகாது, திரை கறுப்பாகவே நிற்கும். எஸ்எம்பஸ் சிக்னல் முட்டிக்கொள்வதுதான் காரணம். கார்டின் தங்க விளிம்பில் பி5, பி6 என்ற ரெண்டு பின்னை மட்டும் காப்டான் டேப் (சூடு தாங்கும் டேப்) துண்டால் மூடினால் தீர்ந்தது.

ஐடி மோடு, ஐஆர் மோடு என்ற பேச்சு எங்கும் வரும். ஐஆர் மோடில் கார்டே பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு 0, 1, 1இ, 10 செய்யும். ஐடி மோடில் எதுவும் செய்யாது. டிஸ்க்கை அப்படியே கர்னலிடம் நீட்டிவிடும். இசட்எஃப்எஸ், எம்டி ரெய்டு, பிடிஆர்எஃப்எஸ் என்று டிஸ்க்குகளைச் சேர்த்து ஆளும் மென்பொருள் எதை ஓட்டினாலும் வேண்டியது இந்த ஐடி மோடுதான். கார்டு செத்தால் டிஸ்க்கை வேறு எந்தக் கன்ட்ரோலரில் மாட்டினாலும் அப்படியே படிக்கலாம். டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் விவரமும் நேராகக் கிடைக்கும். ஸ்மார்ட்சிடிஎல்-க்கு மெகாரெய்டு என்று தனி ஆப்ஷன் கொடுத்து, எண் போட்டுத் தேட வேண்டியதில்லை.

கேபிளில் ஏமாறுகிறவர்கள் அதிகம். எஸ்எஃப்எஃப்-8087-இல் இருந்து நாலு சாட்டாவாகப் பிரியும் கேபிளில் ரெண்டு ஜாதி: ஃபார்வர்டு, ரிவர்ஸ். பார்வைக்கு ரெண்டும் ஒன்றுதான். கார்டில் இருந்து டிஸ்க்குக்குப் போக ஃபார்வர்டு. மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் இருந்து பேக்பிளேனுக்கு (டிஸ்க்குகள் சொருகும் பலகை) போகத்தான் ரிவர்ஸ். மாற்றி வாங்கினால் ஒரு டிஸ்க்குகூடத் தெரியாது, எர்ரரும் வராது. கார்டு செத்துவிட்டது என்றே தோன்றும். நீளம் ஒரு மீட்டரைத் தாண்ட வேண்டாம். அரை மீட்டரில் முடிந்தால் ரொம்ப நல்லது.

வேகத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிசிஐஇ 2.0-வில் லேனுக்கு 500 மெகாபைட், எட்டு லேனுக்கு 4,000 மெகாபைட். எட்டு ஹார்டு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் ஆளுக்கு 250 மெகாபைட் கொட்டினாலும் 2,000-தான் ஆகிறது. எக்ஸ்16 அளவில் இருந்துகொண்டு உள்ளே நாலு லேன் மட்டும் ஓடுகிற ஸ்லாட்டில் போட்டால்கூட டிஸ்க்குக்குப் பெரிய பஞ்சம் வராது. எத்தனை லேனில் ஓடுகிறது என்று பார்க்க எல்எஸ்பிசிஐ -விவி கொடுத்து எல்என்கேஎஸ்டிஏ வரியைப் பாருங்கள். 5ஜிடி, எக்ஸ்8 என்று இருந்தால் முழு வேகம். எக்ஸ்1 என்று காட்டினால் கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்காரவில்லை, அல்லது விளிம்பில் அழுக்கு.

டிரைவர்

கர்னலுக்குள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் இறக்க வேண்டாம். இந்தக் கார்டின் மிகப் பெரிய பலமே இதுதான். முன்பு எம்பிடி2சாஸ் என்று தனி மாட்யூல் இருந்தது. கர்னல் 4.4-இல் அதை எம்பிடி3சாஸ் மாட்யூலோடு சேர்த்துவிட்டார்கள். இதில் ஒரு குழப்பம் உண்டு: எல்எஸ்மோட் கொடுத்தால் தெரிவது எம்பிடி3சாஸ் மட்டும், ஆனால் கர்னல் லாக்கைக் காட்டும் டிமெசேஜில் சாஸ்2008 கார்டின் வரிகள் எம்பிடி2சாஸ்_சிஎம்0 என்றே ஆரம்பிக்கும். இரண்டாம் தலைமுறைக் கார்டுக்கு 2, மூன்றாவதற்கு 3 என்று பெயர் போடுவது அந்த ஒரே மாட்யூல்தான். பழைய எம்பிடி2சாஸ் டிரைவரை எங்கிருந்தாவது இறக்கி ஏற்றப் பார்க்காதீர்கள்.

மாட்டியதும் பார்க்க வேண்டியது ரெண்டு. எல்எஸ்பிசிஐ -என்என் -கே கொடுத்தால் 1000:0072 என்ற அடையாள எண்ணும், அதன் கீழ் 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரியில் எம்பிடி3சாஸ் என்றும் வர வேண்டும். எண் வந்து டிரைவர் வரி வரவில்லை என்றால் மாட்யூல் ஏறவில்லை. எண்ணே வரவில்லை என்றால் லினக்ஸில் தேடிப் பயனில்லை. ஸ்லாட்டையும் பயாஸையும் பாருங்கள். அடுத்தது டிமெசேஜில் வரும் இந்த வரி:

எம்பிடி2சாஸ்_சிஎம்0: எல்எஸ்ஐசாஸ்2008: எஃப்டபிள்யூவெர்ஷன்(20.00.07.00), சிப்ரிவிஷன்(0எக்ஸ்03), பயாஸ்வெர்ஷன்(07.39.02.00)

ஃபர்ம்வேர் எண் 20.00.07.00 ஆக இல்லாவிட்டால் மற்ற எதையும் தொடுவதற்கு முன்னால் அதைச் சரிசெய்யுங்கள். பி20 வரிசையின் ஆரம்ப வெளியீடுகள், முக்கியமாக 20.00.04.00, பெயரைக் கெடுத்துக்கொண்டவை. சுமை ஏறும்போது சிஆர்சி எர்ரர் (வழியில் டேட்டா சிதைவது), டிஸ்க் கழன்றுபோவது என்று தொல்லை கொடுத்தவை. அந்த அனுபவத்தால்தான் பி19-ஐ விட்டு ஏறாதே என்ற அறிவுரை ரொம்ப நாள் சுற்றியது. 07 வந்தபின் அதற்குத் தேவை இல்லை. இயங்கிக்கொண்டிருக்கும் மெஷினில் இதே எண்ணைப் பார்க்க, /சிஸ்/கிளாஸ்/ஸ்கசி_ஹோஸ்ட்/ஹோஸ்ட்0/ அடியில் வெர்ஷன்_எஃப்டபிள்யூ என்ற ஃபைல் இருக்கிறது. ஹோஸ்ட் எண் மெஷினுக்கு மெஷின் மாறும்.

டிஸ்ட்ரோ இந்தக் கார்டில் இருந்து பூட் ஆகிறது என்றால் மாட்யூல் இனிட்ராம்எஃப்எஸ்-க்குள் (பூட்டின் தொடக்கத்தில் கர்னலோடு ஏறும் சின்ன ஃபைல் தொகுப்பு) இருக்க வேண்டும். மதர்போர்டின் சாட்டாவில் நிறுவிய சிஸ்டத்தைப் பின்னாளில் இந்தக் கார்டுக்கு மாற்றும்போதுதான் இது கழுத்தைப் பிடிக்கும்: கர்னல் ஏறும், ரூட் டிஸ்க்கைக் காணோம் என்று அவசர ஷெல்லில் நிற்கும். டெபியன், உபுண்டுவில் /ஈடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/மாட்யூல்ஸ் ஃபைலில் எம்பிடி3சாஸ் என்று ஒரு வரி சேர்த்து அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு. ஃபெடோரா, ரெட் ஹாட் குடும்பத்தில் டிராகட் --ஆட்-டிரைவர்ஸ் எம்பிடி3சாஸ் --ஃபோர்ஸ். டிஸ்க்கை மாற்றுவதற்கு முன்னால், பழைய போர்ட்டில் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. சரி, சொல்லியாகிவிட்டது.

எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்களை நம்பாதீர்கள். பூட்டுக்குப் பூட் மாறும். இசட்எஃப்எஸ் பூலாக இருந்தாலும் எஃப்எஸ்டேப் ஆக இருந்தாலும் /டெவ்/டிஸ்க்/பை-ஐடி/ பெயர்களைக் கொடுங்கள். எந்த டிஸ்க் எந்த கேபிளில் இருக்கிறது என்று சீரியல் எண்ணின் கடைசி நாலு எழுத்தைச் சின்ன ஒட்டுத் தாளில் எழுதி டிரேயின் முன்பக்கம் ஒட்டிவிடுவது நல்லது. நள்ளிரவில் ஒரு டிஸ்க் சாகும்போது அந்தத் தாளின் அருமை தெரியும்.

ஃபர்ம்வேர் ஏற்றுவது

ஐடி-யில் இருந்து ஐடி-க்குப் புதுப்பிப்பதை லினக்ஸில் இருந்தே சாஸ்2ஃபிளாஷ் கருவியால் செய்யலாம். ஐஆர்-இல் இருந்து ஐடி-க்கு மாற, பழையதை அழிக்க வேண்டும். 'கெனாட் ஃபிளாஷ் ஐடி ஃபர்ம்வேர் ஓவர் ஐஆர் ஃபர்ம்வேர்' என்று அது மறுப்பது இதனால்தான். அழிக்கும் வேலையை டாஸிலோ ஈஎஃப்ஐ ஷெல்லிலோ (ஓஎஸ் ஏறும் முன் கட்டளை தட்டும் திரை) செய்யுங்கள். இன்றைய போர்டுகளில் டாஸில் முயன்றால் 'ஃபெயில்டு டு இனிஷியலைஸ் பால்' என்று சொல்லிவிட்டு வெளியேறும். கார்டில் கோளாறு இல்லை, போர்டின் யூஈஎஃப்ஐ-க்கும் டாஸ் கருவிக்கும் ஒத்துவரவில்லை. நேராக ஈஎஃப்ஐ ஷெல்லுக்கே போங்கள்.

எஃப்ஏடி32 பென் டிரைவ் ஒன்று. அதில் ஈஎஃப்ஐ/பூட்/ அடியில் ஷெல்லை பூட்எக்ஸ்64.ஈஎஃப்ஐ என்ற பெயரில் வையுங்கள். ஷெல்லின் பதிப்பு 1 வேண்டும். பதிப்பு 2-இல் 'அப்ளிகேஷன் நாட் ஸ்டார்ட்டட் ஃப்ரம் ஷெல்' என்று முரண்டு பிடிக்கும் போர்டுகள் உண்டு. பென் டிரைவின் மேல்மட்டத்திலேயே சாஸ்2ஃபிளாஷ்.ஈஎஃப்ஐ, 2118ஐடி.பின், வேண்டுமென்றால் எம்பிடிசாஸ்2.ரோம் என்ற பூட் ரோம் ஃபைல். செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள். டிஸ்க் கேபிள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மெஷினில் வேறு எல்எஸ்ஐ கார்டு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். தப்பான கார்டை அழித்துவிட்டு அழுவதில் அர்த்தமில்லை.

ஷெல் வந்ததும் எஃப்எஸ்0: என்று தட்டிப் பென் டிரைவுக்குள் போங்கள். முதலில் சாஸ்2ஃபிளாஷ்.ஈஎஃப்ஐ -லிஸ்ட். அதில் வரும், கார்டின் தனி அடையாளமான சாஸ் அட்ரஸை, 5-இல் தொடங்கும் 16 இலக்கத்தை, தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் படமும் எடுத்துவிடுங்கள். கார்டின் பின்பக்க ஸ்டிக்கரிலும் இருக்கும், ஆனால் பழைய கார்டில் ஸ்டிக்கர் உரிந்தே வரும். பிறகு -ஓ -இ 6 கொடுத்தால் ஃபிளாஷ் அழியும். இந்த இடத்தில் மெஷினை ரீபூட் செய்யாதீர்கள், அணைக்காதீர்கள். கார்டில் இப்போது ஃபர்ம்வேரே இல்லை. யூபிஎஸ் இருந்தால் அதில் மாட்டிக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது. அடுத்தது -ஓ -எஃப் 2118ஐடி.பின். முடிந்ததும் மறுபடி -லிஸ்ட். சாஸ் அட்ரஸ் காலியாகவோ தப்பாகவோ இருந்தால் -ஓ -சாஸ்ஆட் கொடுத்து, எழுதி வைத்த எண்ணைத் திருப்பிப் போடுங்கள்.

எண்ணில் 6-க்குப் பதில் 7 போட்டால் கார்டின் உற்பத்தி விவரங்களும் சேர்ந்து போய்விடும். இணையத்தில் சில குறிப்புகளில் 7 என்றே இருக்கும். காப்பி அடிக்காதீர்கள்.

ரெண்டு கார்டு வைத்திருக்கிறவர்கள் ரெண்டுக்கும் ஒரே சாஸ் அட்ரஸைக் கொடுத்துவிடக் கூடாது. மலிவான மறுவிற்பனைக் கார்டுகளில் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை அடித்து அனுப்பும் பழக்கம் உண்டு. தனியாக இருக்கும்வரை தெரியாது. ஒரே பேக்பிளேனில் சேர்ந்தால் ரகளை.

பூட் ரோம் ஃபைலை ஏற்றுவதா வேண்டாமா? இந்தக் கார்டில் இருந்து பூட் செய்யப் போவதில்லை என்றால் வேண்டாம். ஏற்றினால் ஒவ்வொரு முறை மெஷின் எழும்போதும் கார்டின் பயாஸ் டிஸ்க்குகளை எண்ணிக்கொண்டு நிற்கும். ஏற்றாமல் விட்டால் அந்த நேரம் மிச்சம். லினக்ஸுக்கு அந்த ரோம் தேவையே இல்லை.

ரெட் ஹாட் விட்ட கதை

டிரைவரைக் குறை சொல்லலாம் என்றால் இந்த ஒரு இடத்தில்தான். அதுவும் டிரைவரின் குறை இல்லை, டிஸ்ட்ரோவின் முடிவு. 2019-இல் வந்த ரெட் ஹாட் 8-இல் எம்பிடி3சாஸ் மாட்யூல் இருக்கிறது, ஆனால் 1000:0072 உட்பட சாஸ்2008 அடையாள எண்களை அதன் பட்டியலில் இருந்து நீக்கிவிட்டார்கள். விளைவு: மாட்யூல் ஏறினாலும் கார்டைத் தொடாது, இன்ஸ்டாலரில் டிஸ்க் ஒன்றும் தெரியாது. சென்டோஸ் 7-இல் வருடக்கணக்கில் ஓடிய மெஷின் மேம்படுத்தியவுடன் குருடாகிவிடும்.

வழி இருக்கிறது. எல்ரெப்போ களஞ்சியம் கேமோட்-எம்பிடி3சாஸ் என்று நீக்கிய எண்களைத் திருப்பிச் சேர்த்த மாட்யூலைத் தருகிறது. நிறுவும் நேரத்துக்கு அதன் டிரைவர் டிஸ்க் ஐஎஸ்ஓ உண்டு. பூட் வரியில் ஐஎன்எஸ்டி.டிடி ஆப்ஷனால் அதைக் காட்ட வேண்டும். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் எல்ரெப்போ சாவியை மோக்யூடில் வழியாகச் சேர்க்காமல் மாட்யூல் ஏறாது. ஒரு சிக்கல் என்னவென்றால், 8.4-இல் இருந்து 8.5 என்று தாவும்போது புதிய கர்னலுக்கு அந்த மாட்யூல் பொருந்தாமல் போகலாம். அப்டேட் போட்டு ரீபூட் செய்வதற்கு முன் எல்ரெப்போவில் புதியது வந்துவிட்டதா என்று பாருங்கள், பழைய கர்னலை அழிக்காதீர்கள். இந்த வம்பே வேண்டாம் என்றால் அல்மாலினக்ஸ்: 9.4 வெளியீட்டில் ரெட் ஹாட் முடக்கிய பல பழைய கார்டுகளுக்கு ஆதரவைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள், எம்பிடி3சாஸ் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

கோளாறு வந்தால் லாக் என்ன சொல்கிறது

இந்தக் கார்டு பேசும் மொழி முதலில் மிரட்டும். உதாரணம்:

எம்பிடி2சாஸ்_சிஎம்0: லாக்_இன்ஃபோ(0எக்ஸ்31080000): ஒரிஜினேட்டர்(பிஎல்), கோட்(0எக்ஸ்08), சப்_கோட்(0எக்ஸ்0000)

எண்ணை இடமிருந்து பிரித்துப் படிக்க வேண்டும். முதல் 3 என்றால் சாஸ் வகை. அடுத்த இலக்கம் சொல்வது யார் என்று: 0 என்றால் கார்டின் உள் செயலி, 1 என்றால் பிஎல் எனும் புரோட்டோகால் அடுக்கு, 2 என்றால் ரெய்டு பகுதி. ஐடி மோடில் பெரும்பாலும் 1-தான் பார்ப்பீர்கள். அதற்கடுத்த ரெண்டு இலக்கம்தான் விஷயம். 08 என்றால், என்சிக்யூ எனும் டிஸ்க்கின் கட்டளை வரிசையில் இருந்த ஒரு கட்டளை தோற்றதால் கூட நின்ற மற்ற எல்லாவற்றையும் டிஸ்க் திருப்பி அனுப்பிவிட்டது என்று அர்த்தம். பத்து, இருபது என்று இந்த வரி கொட்டுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அவை அடிபட்டவர்களின் பட்டியல். அடித்தவன் அதே நொடியில் வேறொரு வரியில் இருப்பான். 'மீடியம் எர்ரர்', 'அன்ரிகவர்டு ரீட் எர்ரர்' என்று ஒரு வரி கிடைத்தால் டிஸ்க்கின் தட்டில் பழுது. 'அபார்ட்டட் கமாண்டு', 'ஐயுசிஆர்சி எர்ரர்' என்று கிடைத்தால் டிஸ்க் நல்லது, கேபிள் கெட்டது. 08-க்குப் பதில் 11 என்று வந்தால் ரீசெட், 12 என்றால் அபார்ட். அதாவது பதில் வராமல் காத்திருந்து கர்னலே கட்டளையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதன் அருகிலேயே 'அட்டெம்ப்டிங் டாஸ்க் அபார்ட்' வரியும் இருக்கும்.

கேபிளா டிஸ்க்கா என்று உறுதியாகச் சொல்ல இந்த டிரைவர் ஒரு நல்ல வசதி தருகிறது. ஏனோ பலர் பார்ப்பதே இல்லை. /சிஸ்/கிளாஸ்/சாஸ்_ஃபை/ அடியில் ஃபை-0:0 முதல் ஃபை-0:7 வரை எட்டு ஃபோல்டர் இருக்கும், போர்ட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் இன்வேலிட்_டிவேர்டு_கவுண்ட், ரன்னிங்_டிஸ்பாரிட்டி_எர்ரர்_கவுண்ட், லாஸ்_ஆஃப்_டிவேர்டு_சிங்க்_கவுண்ட் என்று எண்ணிக்கை ஃபைல்கள். கம்பியில் சிக்னல் சிதைந்தால் ஏறும் எண்கள் இவை. பூட் ஆகும்போது கொஞ்சம் ஏறுவது சகஜம். அதை எழுதி வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் முழு டிஸ்க்கையும் படிக்கும் வேலை (இசட்பூல் ஸ்க்ரப் போதும்) கொடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒரே ஒரு ஃபையில் ஏறினால் அந்த ஒற்றைக் கம்பி அல்லது அந்த டிஸ்க். ஒரே கனெக்டரின் நாலு ஃபையிலும் ஏறினால் கேபிள் முழுசும், அல்லது கார்டில் கொக்கி சரியாக மாட்டவில்லை. எட்டிலும் ஏறினால் பவர் சப்ளையையும் கார்டின் சூட்டையும் சந்தேகப்படுங்கள். டிஸ்க்கின் பக்கத்துச் சாட்சியும் உண்டு: ஸ்மார்ட் 199, யூடிஎம்ஏ சிஆர்சி எண்ணிக்கை. அது குறையவே குறையாது, அதனால் பழைய எண்ணைப் பார்த்துப் பதறாமல், ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அதே ஃபோல்டரில் நெகோஷியேட்டட்_லிங்க்ரேட் என்ற ஃபைல். 6.0 என்று இருக்க வேண்டிய டிஸ்க் 3.0 அல்லது 1.5 என்று காட்டினால் கம்பி தள்ளாடி வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. எர்ரரே வராமல் ஒரு டிஸ்க் மட்டும் மந்தமாக இருக்கும் மர்மம் இதில் தீரும்.

அடுத்தது டைம்அவுட். கர்னல் ஒரு கட்டளைக்கு 30 நொடி காத்திருக்கும். என்ஏஎஸ் வகை டிஸ்க்குகள் கெட்ட செக்டாரில் 7 நொடி முயன்றுவிட்டுத் தோல்வியை ஒப்புக்கொள்ளும். ரெய்டு அடுக்கு மற்ற டிஸ்க்கில் இருந்து எடுத்துச் சரிசெய்துவிடும். டெஸ்க்டாப் டிஸ்க் நிமிடக்கணக்கில் விடாமல் முயலும். 30 நொடியில் கர்னல் பொறுமை இழந்து அபார்ட், ரீசெட் என்று ஆரம்பிக்க, கடைசியில் ஒரு செக்டார் கெட்டதற்காக முழு டிஸ்க்கும் அரேவில் இருந்து தூக்கி எறியப்படும். பழி வருவது கார்டு மேல். ஸ்மார்ட்சிடிஎல் -எல் எஸ்சிடிஈஆர்சி,70,70 கொடுத்துப் பாருங்கள். 70 என்பது 7 நொடி. டிஸ்க் ஏற்றுக்கொண்டால் சரி, ஆனால் பவர் போய் வந்தால் பல டிஸ்க்குகள் இதை மறந்துவிடும், பூட் ஸ்கிரிப்ட்டில் போட்டுவிட வேண்டும். ஏற்க மறுத்தால் எதிர்ப்பக்கமாகப் போங்கள்: /சிஸ்/பிளாக்/எஸ்டிஎக்ஸ்/டிவைஸ்/டைம்அவுட் ஃபைலில் 180 எழுதுங்கள். எஸ்டிஎக்ஸ் இருக்கும் இடத்தில் உங்கள் டிஸ்க்கின் பெயர்.

தூங்கி எழும்போது மட்டும் எர்ரர் கொடுக்கும் டிஸ்க்குகள் தனி ரகம். சீகேட் அயர்ன்வுல்ஃப் 8, 10 டெராபைட் மாடல்கள் சிலவற்றுக்கும் இந்தக் குடும்பக் கார்டுகளுக்கும் இப்படி ஒரு உரசல் உண்டு. சீகேட்டின் சீசெஸ்ட் கருவியால் ஈபிசி எனும் மின்சிக்கன வசதியையும் லோ கரண்ட் ஸ்பின்அப் வசதியையும் அணைத்தால் அடங்கிவிடும்.

'சாஸ் ஹோஸ்ட் இஸ் நான்-ஆபரேஷனல்' என்று வந்து எட்டு டிஸ்க்கும் ஒன்றாக மறைந்தால் முதல் சந்தேகம் சூடு. சர்வரில், முன்னால் இருந்து பின்னால் காற்று சீறும் பெட்டியில் ஓடுவதற்காகச் செய்த கார்டு இது; நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில் காற்று கேட்கிறது. டெஸ்க்டாப் பெட்டியில், கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில், மே மாத அறையில் அதற்கு அந்தக் காற்று கிடைக்காது. ஹீட்சிங்க்கைத் தொட்டுப் பாருங்கள், விரலை ரெண்டு நொடிக்கு மேல் வைக்க முடியாவிட்டால் 40 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை அதன் மேலேயே திருகி விடுங்கள். துடுப்புகளுக்கு இடையே திருகு சரியாகப் பிடிக்கும். பத்து வருடம் ஓடிய கார்டில் ஹீட்சிங்க் அடியில் இருக்கும் பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி காய்ந்திருக்கும். சுரண்டி எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புதுசு ஒரு பட்டாணி அளவு.

மாட்யூல் ஏறுகிறது, ஆனால் '_ஸ்கசிஹெச்_ப்ரோப்' என்று முடியும் தோல்வி வரி ஒன்று வந்து நின்றுவிடுகிறது என்றால் பெரும்பாலும் பயாஸ் கார்டுக்கு நினைவக முகவரி சரியாக ஒதுக்கவில்லை. க்ரப் வரியில் பிசிஐ=ரீஅலாக்=ஆஃப் சேர்த்துப் பாருங்கள்; சில போர்டுகளில் அதற்கு நேர்மாறாக பிசிஐ=ரீஅலாக் வேலை செய்யும். ஒரே ஒரு டிஸ்க் மட்டும் சுற்றவே மாட்டேன் என்றால் கார்டை விடுங்கள், பவர் கேபிளைப் பாருங்கள்: வெளிப்புறப் பெட்டியில் இருந்து பிரித்தெடுத்த டிஸ்க்குகளில் சிலது சாட்டா பவரின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் அணைந்தே கிடக்கும்.

6.5 சுற்றுவட்டாரக் கர்னல்களில் 'யூபிசான்: அர்ரே-இண்டெக்ஸ்-அவுட்-ஆஃப்-பவுண்ட்ஸ்' என்று எம்பிடி3சாஸ் பெயரில் நீளமாக ஒரு ஓலம் வரும். பழைய பாணியில் ஒரு உறுப்பு அர்ரேயாக எழுதிய கோடு மேல் புதிய பரிசோதனை குறை சொல்கிறது, அவ்வளவுதான். டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது.

இன்னும் ஆழமாகப் பார்க்க லாகிங்_லெவல் என்ற அளவுரு உண்டு. க்ரப் வரியில் எம்பிடி3சாஸ்.லாகிங்_லெவல்=0எக்ஸ்3எஃப்8. லாக் வெள்ளமாக வரும். கோளாறு பிடிபட்டதும் எடுத்துவிடுங்கள். மேக்ஸ்_க்யூ_டெப்த், எம்எஸ்ஐஎக்ஸ்_டிசேபிள் என்று வேறு அளவுருக்களும் இருக்கின்றன. எட்டு ஹார்டு டிஸ்க் ஓட்டுகிறவருக்கு அவற்றைத் தொட வேண்டிய நாள் வராது.

எஸ்எஸ்டி-க்கு ஏன் வேண்டாம்

காரணம் ட்ரிம், அதாவது அழித்த இடம் காலி என்று எஸ்எஸ்டி-க்குச் சொல்லும் கட்டளை. சாட்டா எஸ்எஸ்டி 'டிட்டர்மினிஸ்டிக் ரீட் ஜீரோஸ் ஆஃப்டர் ட்ரிம்' என்று தன்னைப் பற்றிச் சொன்னால்தான் இந்தக் கார்டு ட்ரிம்மைக் கடத்தும். எச்டிபார்ம் -ஐ (பெரிய ஐ) கொடுத்தால் அந்த வரி இருக்கிறதா என்று தெரியும். சாதாரணக் கடை எஸ்எஸ்டி பலவற்றில் இருக்காது. எல்எஸ்பிஎல்கே -டி (இதுவும் பெரிய டி) கொடுத்து டிஸ்க்-கிரான் பத்தியில் 0 வந்தால் ட்ரிம் இல்லை, எஃப்எஸ்ட்ரிம் 'ஆதரவில்லை' என்று திரும்பும். அந்த எஸ்எஸ்டி-யை மதர்போர்டின் சாட்டாவில் போட்டுவிட்டு ஹார்டு டிஸ்க்கைக் கார்டுக்கு மாற்றுவதுதான் எளிய தீர்வு.

ப்ராக்ஸ்மாக்ஸில் கார்டை அப்படியே விருந்தாளி மெஷினுக்கு (உள்ளே ஓடும் மெய்நிகர் மெஷின்) கடத்துகிறவர்கள் /ஈடிசி/மோட்ப்ரோப்.டி/ அடியில் ஒரு ஃபைலில் ஆப்ஷன்ஸ் விஎஃப்ஐஓ-பிசிஐ ஐடிஎஸ்=1000:0072 என்றும், சாஃப்ட்டெப் எம்பிடி3சாஸ் ப்ரீ: விஎஃப்ஐஓ-பிசிஐ என்றும் ரெண்டு வரி போட்டு இனிட்ராம்எஃப்எஸ்-ஐப் புதுப்பித்தால் போதும். விருந்தாளி பூட் ஆகாமல் கார்டின் பயாஸ் திரையில் நின்றால் ரோம்பார்=0.

மாற்று என்ன? அஞ்சு, ஆறு போர்ட்டு போதும் என்றால் ஜேஎம்பி585 அல்லது ஏஎஸ்எம்1166 சிப் உள்ள கார்டு. பிசிஐஇ 3.0 எக்ஸ்2, சாதாரண ஏஎச்சிஐ டிரைவர், ஃபர்ம்வேர் சடங்கு இல்லை, சூடும் இல்லை, ட்ரிம்மும் வேலை செய்யும். மார்வெல் 88எஸ்இ9230 சிப்பை மட்டும் தவிருங்கள். ஐஓஎம்எம்யு (மெய்நிகர் மெஷினுக்குக் கார்டைக் கடத்தத் தேவையான வசதி) ஆனில் இருக்கும்போது தொல்லை தந்து, கர்னலில் தனியாக ஒட்டுப்போட வைத்த ஜாதி அது. எட்டு போர்ட்டுதான் வேண்டும், கொஞ்சம் கூடக் கொடுக்கலாம் என்றால் 9207-8ஐ: சாஸ்2308 சிப், பிசிஐஇ 3.0, அதே கேபிள், அதே டிரைவர், கம்பெனியில் இருந்தே ஐடி மோடில் வருவது. விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் 9211-ஐ விட்டுவிட்டு அதையே எடுங்கள். எப்படியும் கேபிளுக்கும் 40 மில்லிமீட்டர் ஃபேனுக்கும் தனியாகப் பணம் ஒதுக்கி வையுங்கள்.